லூர்து அத்தை வராத கப்பல்

நண்பகலில் கல்குவாரியில் வெடி வைக்கும்போது முதலில் தரை லேசாக அசையும், பிறகுதான் சத்தம் வரும். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நொடியில் எங்கள் வீட்டு அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி, குளிரில் பல் அடித்துக்கொள்வது போல மெல்லிய ஓசை எழுப்பும். செஞ்சியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பயப்படுகிற சத்தமே இல்லை. லீவு நாளில் விளையாடிக்கொண்டிருப்போம், டம்ளர் நடுங்கினால் "வெடி வெச்சிட்டாங்க, சோறு" என்று அடுப்படிக்கு ஓடுவோம். அந்தச் சத்தத்துக்கு நான் முதன்முதலாகப் பயந்தது ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தபோது, என் அம்மா லிபியாவிலிருந்து திரும்பி வந்த பிறகுதான்.

என் அம்மா வசந்தாவும் என் தோழி பிரின்சியின் அம்மா லூர்து மேரியும் பாண்டிச்சேரியில் ஒன்றாக நர்சிங் படித்தவர்கள். அம்மா செஞ்சிக்காரி. லூர்து அத்தை பக்கத்தில், மாதா கோயிலைச் சுற்றியே வீடுகள் அமைந்த ஒரு கிராமத்தில் பிறந்தவர். சொந்தம் இல்லாவிட்டாலும் அவரை அத்தை என்றும், அவருடைய கணவர் அந்தோணியை மாமா என்றும்தான் நான் கூப்பிட்டேன். பிரின்சிக்கு என் அம்மா 'வசந்தா அத்த'. இரண்டு பேரும் ஒரே ஏஜெண்ட் மூலம் லிபியாவில் ஒரே ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனார்கள். போவதற்கு முன்னால் இருவரும் சேர்ந்து திருவண்ணாமலை சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், 'லைன் வீடு' என்று நாங்கள் சொல்லும் வரிசை வீடுகளில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டை வாடகைக்குப் பிடித்து எங்களைக் குடிவைத்தார்கள். "புள்ளைங்க ஒண்ணா இருந்தா ஒண்ணுக்கொண்ணு தொணையா இருக்கும்" என்பது லூர்து அத்தையின் கணக்கு.

என் நைனா தனியார் பஸ் ஓட்டினார். அந்தோணி மாமா கொத்தனார். இரண்டு ஆம்பிளைகளும் அவரவர் வேலைக்குப் போய்விட்டால் பிரின்சியும் நானும்தான் இரண்டு வீட்டுக்கும் ராணிகள். ஒரு வீட்டில் சோறு, ஒரு வீட்டில் குழம்பு. பின்பக்கம் இரண்டு வீட்டு முற்றத்துக்கும் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கட்டைச்சுவர் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதன்மேல் நைனாவின் செல்போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் நிற்போம். அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. ஒரே போனில் இரண்டு அம்மாக்களும் மாற்றி மாற்றிப் பேசுவார்கள். லூர்து அத்தை எடுத்தவுடன் "சாப்டியா?" என்பார். பிரின்சி "சாப்ட்டேன்" என்று சொல்லிமுடிப்பதற்குள் "இன்னா சாப்ட?" என்பார். பொய் சொல்ல முடியாது.

அந்த மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. நைனா கூப்பிட்டுப் பார்த்தார், லைன் போகவில்லை. மறுநாள் டிவியில் லிபியா என்ற பெயரைச் சொன்னார்கள். தெருவில் ஜனங்கள் ஓடினார்கள், புகை வந்தது, லாரியின் பின்னால் துப்பாக்கியைப் பொருத்தி யாரோ வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். எங்கள் அம்மாக்கள் இருந்த ஊரின் பெயர் எங்கள் வாயில் நுழையாது, ஆனாலும் செய்தி வாசிப்பவர் அதைச் சொல்லும்போது இருவருக்கும் ஒரே நேரத்தில் காது நிமிரும். உள்நாட்டுப் போர் என்றார்கள். போர் என்றால் வேறு நாட்டோடு நடப்பது என்றுதான் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். ஒரு நாட்டுக்குள்ளேயே, ஒரே தெருவிலேயே நடக்கும் என்பது எங்களுக்குப் புதிய சேதி.

அந்த நாட்களில் பிரின்சியும் நானும் ஒரே பாயில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு டிவியில் ஓடுகிற கால்களுக்கு நடுவில் நர்சுகளின் வெள்ளைக் கால்சட்டை தெரிகிறதா என்று தேடினோம். அவள் தன் ஜெபமாலையின் ஒரு பாதியை என் கையில் கொடுத்து மறுபாதியைத் தான் பிடித்துக்கொண்டாள். நைனா மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலிலிருந்து கொண்டுவந்திருந்த குங்குமத்தை நான் அவள் நெற்றியில் வைத்தேன். எந்தச் சாமிக்குக் காது கேட்கும் என்று தெரியாத நிலையில் ஒன்றையும் விட்டுவைக்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை. பயத்தில் எனக்கு நாக்கு வறளும். ஒருத்தி அழ ஆரம்பித்தால் மற்றவள் சொல்லவேண்டிய வாசகம் ஒன்று எங்களுக்குள் தானாகவே ஏற்பட்டிருந்தது: "வந்தா ரெண்டு பேரும் ஒண்ணாதான் வருவாங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தது. நைனா குளித்துக்கொண்டிருந்தார். நீளமான, தெரியாத நம்பர். நான் எடுத்தேன்; பிரின்சி ஓடிவந்து போனின் மறுபக்கம் தன் காதை ஒட்டிக்கொண்டாள்.

"கௌசி, அம்மா பேசறேன். கப்பல்ல இருக்கறேன். பயப்படாத."

பின்னால் காற்று இரைந்தது. நான் "அத்த பக்கத்துல இருக்காங்களா? பிரின்சி இங்கதான் நிக்கறா" என்றேன். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன், ஆனால் காற்று இரைந்துகொண்டுதான் இருந்தது. பிறகு, "நைனாகிட்ட போன குடு" என்றாள் அம்மா.

பிரின்சி காதை எடுத்துவிட்டாள். என் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோஷம் உடம்பெங்கும் பரவிய அதே நேரத்தில், அது என் முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்ற பயமும் கூடவே வந்தது. போனைப் பிடித்தபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளைப் பார்க்கத் திரும்ப எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. திரும்பியபோது அவள் அங்கே இல்லை.

நைனா சென்னைக்குப் போய் அம்மாவை அழைத்துவந்தார். கப்பலில் எகிப்து, அங்கிருந்து விமானத்தில் டெல்லி, பிறகு ரயில் என்று சுற்றி வந்திருந்தாள். பாதங்கள் வீங்கியிருந்தன. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரு ஸ்வெட்டர், அவ்வளவுதான் அவள் கொண்டுவந்தது. சந்து முனையில் அந்தோணி மாமாவும் பிரின்சியும் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா பிரின்சியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். "சீட்டு..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"தங்கச்சி, அவ எங்க?" என்றார் மாமா.

"வரல அண்ணா."

"வரலன்னா?"

"கூப்ட்டேன். வரமாட்டேன்னுட்டா."

மாமா ஓரடி முன்னால் வந்தார். "பெத்த பொண்ணு இங்க இருக்கும்போது எந்தப் பொம்பளையாவது வரமாட்டேன்னு சொல்லுவாளா? இன்னா நடந்துதுன்னு சொல்லு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று எல்லோரும் நின்றோம்.

"எம் பொண்டாட்டிய வுட்டுட்டு ஓடியாந்துட்டு, பொய் வேற சொல்ற நீ" என்றார் மாமா. அன்றுவரை அவர் வாயில் 'தங்கச்சி' என்ற சொல் இல்லாமல் என் அம்மாவின் பேர் வந்ததே கிடையாது. அன்றைக்குப் பிறகு அந்தச் சொல் போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. பின்முற்றத்தில் கரண்டி கல்லில் உரசுகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். கட்டைச்சுவரின்மேல் ஹாலோ பிளாக் கல்லை வரிசை வரிசையாக ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பிரின்சி கலவைச் சட்டியைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதலில் அவள் தோள் மறைந்தது, பிறகு கழுத்து. கண் மறைவதற்கு முன்னால் அவள் என்னைப் பார்ப்பாள் என்று நின்றேன். அவள் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் அவள் பெஞ்ச் மாறி உட்கார்ந்தாள். என்ன என்று கேட்டதற்கு, கோபமே இல்லாத குரலில், "உங்கம்மா வந்துட்டாங்க இல்ல, இன்னும் இன்னா வேணும் உனக்கு" என்றாள். ஒருநாள் டீச்சர் எங்கள் ஊர்க் கோட்டையைப் பற்றிப் பாடம் நடத்தினார். டெல்லிப் படை ஆண்டுக்கணக்கில் கீழே கூடாரமடித்து முற்றுகை போட்டதாகவும், கோட்டை அவ்வளவு சுலபமாகப் பிடிபடவில்லை என்றும் பெருமையாகச் சொன்னார். ஜன்னல் வழியே கோட்டை மலையான ராஜகிரி தெரிந்தது. பிரின்சி எழுந்து நின்றாள்.

"உள்ள இருக்கறவங்க சாப்பாட்டுக்கு இன்னா பண்ணுவாங்க டீச்சர்?"

"அதுக்குத்தான் களஞ்சியம் இருக்குதே. நாம போய்ப் பாத்தோமே."

"அது தீந்துட்டா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் அவளை உட்காரச் சொன்னார். லூர்து அத்தை இருந்த ஊரைச் சுற்றிவளைத்துவிட்டார்கள் என்று முந்தின நாள் டிவியில் சொல்லியிருந்தது எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். பெஞ்சைத் தாண்டிப் போய் அவள் கையைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. அவள் தட்டிவிட்டால் என்ன செய்வது என்று உட்கார்ந்தே இருந்தேன்.

வீட்டில் வேறொரு பயம் இருந்தது. அம்மா வந்த மறுநாள் நண்பகலில் குவாரியில் வெடித்தது. குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு அப்படியே தரையில் விழுந்து, தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். நான் தொட்டதும் என்னை உதைத்தாள். என் அம்மா என்னை உதைத்தாள் என்பதை நம்ப எனக்கு நேரம் பிடித்தது. அப்புறம் அவள் எழுந்து, ஒன்றுமே நடக்காதது போலத் தரையில் சிந்திய குழம்பைத் துடைத்தாள். குக்கர் விசில் அடித்தால் எழுந்து ஓடுவாள். மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் பம்பை மேளம் அடித்துக்கொண்டு சாமி வந்தபோது கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கோடி வீட்டு சின்னப்பொண்ணு அக்கா இதற்கு "பயந்த கோளாறு" என்று பெயர் சொன்னார். "மேல்மலையனூருக்குக் கூட்டினு போய் ஒரு அமாவாசை தங்க வை, தன்னால சரியாப்பூடும்" என்று நைனாவிடம் சொன்னார். வேப்பிலை அடித்துக் கயிறு கட்டினார்கள். கயிறு கட்டிய பிறகும் குக்கர் விசிலுக்கு எழுந்து ஓடத்தான் செய்தாள்.

ஆனால் நான் பயந்தது அந்தக் கோளாறுக்கு மட்டும் இல்லை. அவள் ஏன் பேசமாட்டேன் என்கிறாள் என்பதற்கு. கப்பலில் ஒரே ஒரு இடம் இருந்ததாகவும், இவள் அத்தையைத் தள்ளிவிட்டு ஏறியதாகவும் எனக்கு நானே ஒரு கதை கட்டியிருந்தேன். அவள் சோறு போடும்போது அந்தக் கையைப் பார்ப்பேன், இந்தக் கையா தள்ளியது என்று. அடுத்த நிமிடமே, எப்படியோ இவளாவது வந்துவிட்டாளே என்று நெஞ்சு தணியும். தணிந்த உடனேயே பிரின்சியின் முகம் வரும். தேர்தல் நேரம் அது. தெருவில் கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் மைக்கில் ஏசிக்கொண்டு போவார்கள். எனக்குள்ளும் அப்படி இரண்டு பேர் இருந்துகொண்டு மாறி மாறிப் பேசினார்கள். நைனாவிடம் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டேன். "கேக்காத கௌசி. அவளா சொல்லட்டும்" என்றார். அவருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

அந்தோணி மாமா விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குப் போய்வந்தார். சென்னைக்குப் போய்வந்தார். அந்த ஊருக்கு இன்னும் லைன் கிடைக்கவில்லை, கப்பல் போனால் சொல்கிறோம் என்றார்களாம்.

பங்குனி வெயிலில் ஒரு நண்பகல், அன்றைய பரீட்சை முடிந்து நான் வீட்டில் இருந்தேன். நைனா அவலூர்பேட்டை டிரிப்பில் இருந்தார். ஏதோ ஒரு வேட்பாளர் ஓட்டுக் கேட்க எங்கள் சந்துக்குள் வருவதாக மைக்கில் சொல்லிக்கொண்டே ஒரு ஆட்டோ முன்னால் வந்தது. பின்னால் மேளம். ஜன்னல் வழியே பார்த்தேன். இரண்டு பையன்கள் சந்து முனையிலிருந்து எங்கள் வாசல்வரை சரவெடியைப் பாம்பு போல விரித்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு என்ன நடக்கப்போகிறது என்று புரிந்துவிட்டது. "அண்ணா, இங்க வேணாம்" என்று கத்தினேன். மேளத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. ஜன்னலைச் சாத்த ஓடினேன். சாத்துவதற்குள் வெடித்தது.

அம்மா என் காலைப் பிடித்து இழுத்தாள். இழுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, தானும் நுழைந்து, என் வாயைக் கையால் பொத்தினாள். "சத்தம் போடாத. மூச்சு வுடாத" என்றாள். அவள் உள்ளங்கை என் மூக்கையும் சேர்த்து அடைத்திருந்தது. எனக்கு நெஞ்சு முட்டியது. அவள் கண்கள் என்னைப் பார்த்தன, ஆனால் அவள் பார்த்தது என்னை இல்லை. அம்மாவின் கையால் செத்துப்போவேன் என்று நான் நிஜமாகவே நினைத்தேன்.

அப்போது வெளியே ஒரு பெண் பிள்ளை அலறியது. பிரின்சியின் குரல். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தவள் சரவெடிக்கும், பூட்டியிருந்த தன் வீட்டுக் கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

என் வாயிலிருந்து கை விலகியது. அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து வயிற்றால் ஊர்ந்து வெளியே போனாள். கதவைத் தாண்டி, படியைத் தாண்டி, அந்தப் புகைக்குள் ஊர்ந்துகொண்டே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் புகையும், உருண்டு கிடந்த பிளாஸ்டிக் குடமும், குதித்துக்கொண்டிருந்த பிரின்சியின் வெறுங்கால்களும்தான். அம்மாவின் கைகள் அந்தக் கணுக்கால்களைப் பிடித்தன. கீழே விழுந்த பிரின்சியைத் தரையோடு தரையாக வீட்டுக்குள் இழுத்துவந்து, என் பக்கத்தில் தள்ளி, எங்கள் இரண்டு பேர்மேலும் தன் உடம்பைப் போட்டுக்கொண்டாள்.

"இந்த வாட்டி வுடமாட்டேன் லூர்து" என்றாள். "கைய உருவாத. கைய உருவாதடி."

வெடி தொடர்ந்தது. அவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பிரின்சி திமிறுவாள் என்று நினைத்தேன். அவள் அசையாமல் கிடந்தாள். அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது என் தோளில் தெரிந்தது.

மேளம் அடுத்த சந்துக்குப் போன பிறகு அம்மா எழுந்து உட்கார்ந்தாள். பிரின்சியின் தலைமுடியெல்லாம் சிவப்புக் காகிதத் துணுக்கு. அம்மா அதை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள். யாரை இழுத்துவந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். எடுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"எங்கம்மா எதுக்கு கைய உருவினாங்க?" என்றாள் பிரின்சி.

அம்மா சொன்னாள். ஷிஃப்ட் முடியும்போது அடுத்த நர்சுக்கு விவரம் சொல்வது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். கப்பலுக்குக் கூட்டிப்போக ஆஸ்பத்திரி வாசலுக்குப் பஸ் வந்துவிட்டது. எல்லோரும் ஏறிவிட்டார்கள், லூர்துவைக் காணோம். அம்மா இறங்கி ஓடி, குறைமாதக் குழந்தைகள் இருக்கும் வார்டுக்குப் போய்ப் பார்த்தாள். அந்த ஊர் நர்சுகள் யாராலும் வேலைக்கு வர முடியவில்லை. கரண்ட் போய், ஜெனரேட்டரும் நின்றுபோய், கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஒரு குழந்தைக்கு லூர்து அத்தை கையால் காற்றுப் பையை அமுக்கி மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கைய நான் புடிச்சி இழுக்கறேன். இன்னொரு கையில பைய அமுக்கிக்கினே இருக்கறா. வாடி, பஸ் போயிடும்னேன். 'நிறுத்திட்டு வான்றியா வசந்தா'ன்னு கேட்டா. நான் பதில் சொல்லல. கீழ ஹாரன் அடிக்கறான். கைய உருவிக்கினா. நான் ஓடியாந்துட்டேன்."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?" என்று கேட்டது நான்.

"கைய உருவிக்கும்போது அவதான் சொன்னா. பஸ்ல எடம் இல்லன்னு சொல்லிடு, நானா நின்னுட்டேன்னு மட்டும் பிரின்சிகிட்ட சொல்லாத, அவ தாங்கமாட்டான்னா. சீட்டு இல்லன்னு சொல்லத்தான் வாய தொறந்தேன். இவ மூஞ்சப் பாத்து என்னால பொய் சொல்ல முடியல. வரமாட்டேன்னுட்டான்னு வாய்ல வந்துடுச்சி, அதுக்குமேல நெசத்தையும் சொல்ல முடியல."

பிரின்சி அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். பிறகு, யாரிடமும் இல்லாமல், "அப்போ நானு?" என்றாள். அம்மா விட்ட இடத்திலிருந்து அவள் தலையிலிருந்த காகிதத் துணுக்குகளை எடுக்கத் தொடங்கினாள்.

பிரின்சியோடு நான் வாசல்வரை போனேன். படியில் உட்கார்ந்துகொண்டாள். "எனக்கு எங்கம்மாவ நெனைச்சாலே பயமா இருக்குது கௌசி" என்றாள்.

"எனக்கும் எங்கம்மாவப் பாத்தா பயமா இருக்குது" என்றேன்.

அதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சண்டை தீர்ந்ததென்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி தண்ணீர் பிடிக்கப் போனாள், நானும் கூடவே போனேன்.

அவள் தன் அப்பாவிடம் என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று தெரியாது. அன்று சாயங்காலம் அந்தோணி மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். மன்னிப்பு என்ற பேச்சே அவர் எடுக்கவில்லை. சுண்ணாம்பு படிந்த கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "தங்கச்சி, காபி இருக்குதா?" என்றார். அம்மா எழுந்து பால் வைத்தாள். மறுநாள் அவர் பின்முற்றச் சுவரில் ஒரு கல்லை மட்டும் தட்டி எடுத்தார். கலவை இறுகிப்போயிருந்ததால், முழுவதும் இடித்தால் பழைய சுவரும் பெயர்ந்துவிடும் என்று வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அந்த ஓட்டை, போன் வைக்கப் போதுமானதாக இருந்தது.

அந்த ஓட்டையில் வைத்த போனில்தான் பள்ளி லீவு விட்ட பிறகு ஒருநாள் லூர்து அத்தையின் குரல் வந்தது. வேறொரு கப்பலில் வெளியே வந்திருந்தார். "சாப்டியா?" என்றார். பிரின்சி சுவருக்கு அந்தப் பக்கம் பேசாமல் நின்றாள். நான்தான் "சாப்ட்டா அத்த" என்றேன்.

அவர் வந்த அன்று நாங்கள் எல்லோரும் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தோம். ஒவ்வொரு திண்டிவனம் பஸ் வரும்போதும் பிரின்சி என் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள். கடைசியில் அவர் இறங்கினார். பாதியாக இளைத்து, கண்ணுக்குக் கீழே கருத்து, தோளில் ஒரு துணிப்பை. அம்மாவையும் அத்தையையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கையைக்கூடப் பிடித்துக்கொள்ளவில்லை. அத்தை என் அம்மாவின் பின்னால் நின்ற பிரின்சியைப் பார்த்தார். கிட்டே வரத் துணியாமல் நின்ற இடத்திலேயே நின்றார். வெடிகுண்டுக்கு நடுவில் நின்றவருக்கு, தன் மகளிடம் ஓரடி எடுத்து வைக்கப் பயமாக இருந்தது. அதை அவர் முகத்தில் நான் பார்த்தேன்.

பிரின்சிதான் முதலில் பேசினாள். "அந்தக் கொழந்த இன்னா ஆச்சு?"

அத்தை என் அம்மாவை ஒருமுறை பார்த்தார். மறைக்க ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்துகொண்டார்.

"அது மறுநாளே போயிடுச்சி பாப்பா" என்றார். "மத்த பசங்க இருந்துதுங்க. ஒவ்வொண்ணா அவங்கவங்க அம்மா வந்து தூக்கினு போனாங்க. கடைசிப் புள்ள போனதும் கெளம்பிட்டேன்."

கண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். பிரின்சி முன்னால் போனாள். அம்மா என்று கூப்பிடவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. அத்தையின் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "நடங்க" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். அவள் தன் அம்மாவை 'நீங்க' என்று கூப்பிடத் தொடங்கியது அன்றைக்குத்தான். 'நீ' திரும்பி வர ஒரு வருஷத்துக்குமேல் ஆனது. எனக்கும் என் அம்மாவின் கையைப் பற்றிய கதை மனதிலிருந்து போகக் கொஞ்சகாலம் பிடித்தது. ஒரு முறை முளைத்துவிட்ட சந்தேகம், உண்மை தெரிந்த உடனே போய்விடுவதில்லை.

அடுத்த கல்வியாண்டில் பிரின்சி வீட்டார் தங்கள் கிராமத்துக்கே போய்விட்டார்கள். பிரின்சி ஹாஸ்டலில் சேர்ந்தாள். அம்மா செஞ்சியிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள், மறுபடி வெளிநாட்டுப் பேச்சை எடுக்கவில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகவே லூர்து அத்தை வந்து, அம்மாவைத் தன் கிராமத்துக்கு அழைத்துப் போய்விடுவார். அங்கே அவ்வளவாக வெடிக்கமாட்டார்கள்.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்தச் சந்துக்குள் நடந்து பார்த்தேன். லைன் வீடுகளை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். கோட்டைக்கு உலக அளவில் பெயர் வந்த பிறகு சனி ஞாயிறுகளில் கார் நிறுத்த இடமில்லை. யாருடைய வீடு எங்கே இருந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு எனக்கு ஒரு அடையாளமும் கிடைக்கவில்லை. சின்னப்பொண்ணு அக்கா இல்லை, தெருக்குழாய் இல்லை. அதையெல்லாம்விட, ஒரே ஆபத்துக்கு ஒரே நேரத்தில் பயந்து, ஜெபமாலையின் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு பிள்ளைகள் இல்லை. இப்போது அவளுடைய பயம் அவளுக்கு, என்னுடையது எனக்கு. நான் சென்னையில் இருக்கிறேன், அவள் பாண்டிச்சேரியில். பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமசுக்கும் பேசிக்கொள்கிறோம்.

அவள் கணவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். அண்மையில் அந்தப் பக்கம் ஏவுகணை விழுந்ததாகச் செய்தி வந்த ஒரு காலை, அவள் போன் வந்தது.

"அவருக்கு லைன் போகல" என்றாள்.

நான் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன்.

"நீ ஒண்ணும் சொல்லாத கௌசி. சும்மா லைன்ல இரு."

இருந்தேன். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, இருந்தேன். அந்தப் பக்கம் அவள் மகள் சர்க்கரை கேட்டது காதில் விழுந்தது. மேல் தட்டில் இருப்பதாக இவள் சொன்னது கேட்டது. நடுநடுவே போனைக் காதில் வைத்து "இருக்கியா?" என்பாள். "இருக்கறேன்" என்பேன். நாக்கு வறண்டுபோயிருந்தது, எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கவில்லை. மறுபடி "இருக்கியா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள், "அவரு கூப்புடறா..." என்று பாதிச் சொல்லோடு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், என் லைனைத் துண்டித்தாள்.